கேட் வாசலில் சொன்ன 'பை'

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஒரு சாமி இருந்தார். கஞ்சி காய்ச்சுவார், வருகிறவர்களுக்கு ஊற்றுவார், கேட்டால் ஏதாவது சொல்வார். கேட்காவிட்டால் விட்டது தொல்லை என்று இருப்பார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அறவாழி. காலேஜில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சாமியைவிட மூத்தவர். வந்து இத்தனை நாளாகியும் மனுஷனுக்கு மனசு அடங்கவில்லை.

"கடவுளைப் பார்க்கணும்னு வந்தேன் சாமி. கண்ணை மூடினா அம்மாதான் வந்து நிக்குறா."

"எங்க இருக்காங்க?"

"முதியோர் இல்லத்துல. நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நல்ல வசதி. ஃபேன், டிவி, நர்ஸ் எல்லாம் உண்டு."

"கிளம்பும்போது என்ன சொன்னீங்க?"

"'பைம்மா'ன்னு சொன்னேன்."

"அப்படின்னா?"

கேட்க வேண்டுமா, பாடம் நடத்தியே பழகிய வாய். அறவாழிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சின்ன வார்த்தைதான் சாமி, பூர்வீகம் பெரிசு. 'கடவுள் உங்ககூட இருக்கட்டும்'னு முழுசா வாழ்த்திட்டுத்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கிளம்புவான். சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு குட்பை ஆச்சு. அதுவும் தேய்ஞ்சு பை ஆச்சு. அப்படிப் பார்த்தா, அம்மாவைக் கடவுள்கிட்ட விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

படித்தவன் தனக்குச் சமாதானம் தேடும் லட்சணம் இது. கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

சாமி காலிக் குடத்தை எடுத்து நீட்டினார். "அடிபம்புல தண்ணி பிடிச்சிட்டு வாங்க."

"போயிட்டு வர்றேன் சாமி."

"நில்லுங்க. அடிபம்பு இந்தா இருக்கு. இதுக்கே 'வர்றேன்'னு சொல்லிட்டுப் போறீங்க. அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

அறவாழி குடத்தோடு அப்படியே நின்றார்.

"கடைக்குப் போனாக்கூட 'போயிட்டு வர்றேம்மா'ன்னு சொல்லித்தான் பழக்கம் சாமி. 'போறேன்'னு மட்டும் சொன்னா திட்டுவா. அன்னிக்கும் கேட் வரைக்கும் கூட வந்தா. நான் அதைச் சொல்வேன்னு என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னா."

"சொல்ல வேண்டியதுதானே?"

"திரும்பி வர்றதா இல்லையே சாமி. தமிழ்ல சொல்ல வாய் வரலை. அதான் இங்கிலீஷ்ல சொன்னேன். அவளுக்கு அது என்னன்னே தெரியாது. சிரிச்சுக்கிட்டே கை காட்டினா."

பாவி என்று சாமி சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அறவாழி மெதுவாகக் கேட்டார். "கடவுள் அவகூட இருப்பார்தானே சாமி?"

"இருப்பார். நீங்கதானே அவரை அங்க விட்டுட்டு வந்தீங்க."

சாமி குடத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்புறம் இங்க யாரைத் தேடுறீங்க?"