நாணற்குளத்துக் கூச்சல்

ஆறு கோல்! ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு கோல்!

நாணற்குளத்துக் கரையில் தவளை தவசி திறந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு கொசு அந்த வாய்க்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பத்திரமாக வெளியே வந்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஒரு தவளைக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறென்ன இருக்க முடியும்!

"நம்ம குளத்துலயா? நம்ம அணியா? அஞ்சலை நிக்கிற கோல்லயா ஆறு?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த கீரி சடையன் பேயறைந்தவன் போல மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சலை ஓர் ஆந்தை. நாணற்குளத்துக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். போன வருஷம் முழுக்க அவளைத் தாண்டி ஒரு பந்துகூட உள்ளே போனதில்லை. பந்து குளத்துப் பக்கமாக வந்தால் குளத்துப் பக்கம் பாய்வாள். மரத்துப் பக்கமாக வந்தால் மரத்துப் பக்கம் பாய்வாள். அப்படியிருந்தும் காட்டுக் கோப்பை கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? நம் ஆட்களும் யாருக்கும் கோல் போட்டதில்லை! எல்லா ஆட்டமும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்தான்.

அந்தக் குளத்து ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்ன வழக்கம், வறட்டுப் பிடிவாதம்! மைதானத்தின் ஒரு பக்கம் குளம். அது தவளைகளுடையது. மறுபக்கம் வேப்பமரங்கள். அது அணில்களுடையது. பந்து யார் பக்கம் போகிறதோ அவர்கள்தான் கத்த வேண்டும். மாற்றிக் கத்தினால் அன்றைக்குச் சண்டைதான்.

"எங்க பக்கத்துப் பந்துக்கு நீ ஏண்டி கத்துறே?" என்று தவசி பாய்வான்.

"உன் தண்ணிக்குள்ள வந்து கத்தினேனா? போடா!" என்று அணில் பவளம் வாலைத் தூக்குவாள்.

பந்து நடுவே வந்தால் மட்டும் இரண்டு கூட்டமும் சேர்ந்து கத்தும். வெளியூருக்கு ஆடப் போனாலும் இவர்கள் கூடவே போய், அங்கேயும் பக்கம் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இந்த வருஷம் அணி கைமாறியது. பழைய முதலாளி ஒரு கிழ எருமை. அணி ஜெயித்தாலும் அசைபோடும், தோற்றாலும் அசைபோடும். புது முதலாளி காட்டுப்பன்றி செங்கோடன். வந்த அன்றே பாறைமேல் ஏறி நின்று உறுமினார்.

"நான் சின்னதா யோசிக்கிற ஆள் இல்லை! எனக்குக் கோப்பை வேணும். இந்த வருஷமே வேணும். வரலேன்னா இந்தக் குட்டையில எனக்கு என்ன வேலை? அணியைத் தூக்கிக்கிட்டுப் பெரிய ஏரிக்குப் போயிடுவேன்!"

குட்டையா! தவசிக்குச் சுருக்கென்றது. அணி போய்விட்டால் இந்தக் குளத்தில் என்ன மிச்சம் இருக்கும்? பாசியும் கொசுவும்தான். ஆனாலும் கோப்பை என்ற சொல் அவனை மயக்கிவிட்டது. குதித்து முன்னால் வந்தான்.

"முதலாளி! நம்ம மைதானத்துல சத்தம் பத்தாது! நாங்க மாத்தி மாத்தித்தான் கத்துறோம், பாதி நேரம் பாதி மைதானம் தூங்குது. நாலு பக்கமும் ஓயாம முழங்கணும்! வர்றவன் கால் நடுங்கணும்!"

"ஆகா! இவனல்லவா ரசிகன்!" என்றார் செங்கோடன்.

அவ்வளவுதான். காடெல்லாம் தேடிச் சில்வண்டுகளைக் கூட்டிவந்து மைதானத்தைச் சுற்றி உட்கார வைத்தார். உலர்ந்த மரங்களில் மரங்கொத்திகளை நிறுத்தித் தட்டச் சொன்னார். அடேயப்பா, அது என்ன சத்தம்! ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை மூச்சுவிடாத முழக்கம். "இதுடா மைதானம்!" என்று தவசி கத்தினான். அவன் கத்தியது அவன் காதுக்கே கேட்கவில்லை.

அந்த முதல் ஆட்டத்தில்தான் ஆறு கோல்!

வாயடைத்துப் போனவர்கள் எவ்வளவு நேரம் அப்படியே இருப்பார்கள்? கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

"ஆட்டமுறையே தப்பு! எல்லாரையும் முன்னால அனுப்பிட்டா பின்னால யார் நிப்பா?" என்றாள் பவளம்.

"பின்னால ஆமைங்க நின்னாங்களே! அவங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள பந்து உள்ளே போயிடுது. அதுதான் தப்பு!" என்றான் சடையன்.

"ஆமைங்க போன வருஷமும் இருந்தாங்களே, அப்ப போச்சா?" தவசி கொதித்தான். "அஞ்சலையைப் பாத்தீங்களா? பந்து இந்தப் பக்கம் வருது, அவ அந்தப் பக்கம் பாயுறா! ரெண்டு தடவை கம்பத்துலயே மோதிக்கிட்டா. அவளுக்கு வயசாயிடுச்சு! அவளை மாத்தணும்!"

"சரியாச் சொன்னே!" பின்னாலிருந்து செங்கோடனின் குரல் வந்தது. "கூப்பிடு அவளை!"

அஞ்சலை வந்தாள். நெற்றி வீங்கியிருந்தது.

"முதலாளி, என்னால முடியலைன்னு சொல்லலை. இந்தச் சத்தத்துல தவசி குரல் எனக்குக் கேக்கலை. அணிலுங்க குரலும் கேக்கலை..."

தவசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என் குரல் கேட்டாத்தான் பந்தைப் பிடிப்பியா? நல்லா இருக்கே சாக்கு!"

கூட்டமே சிரித்தது. "ஐயோ, முழுசாக் கேளுங்க..." என்று அவள் தொடங்கினாள். அதற்குள் மரங்கொத்திகள் மறுபடியும் தட்ட ஆரம்பித்துவிட்டன. அவள் அலகு அசைந்தது. சொன்னது ஒன்றும் யார் காதிலும் விழவில்லை. அன்றே அவளை அணியைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் பறந்து போனபோது தவசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதிதாக யார் வருவார்கள் என்ற பேச்சில் மூழ்கியிருந்தான்.

வந்தது ஒரு கரடி. கோலில் நின்றால் கோலையே அடைத்துக்கொள்ளும் உடம்பு! முன்னால் கோல் போடுவதற்கு வீரணன் என்ற புள்ளிமானையும் செங்கோடன் கொண்டுவந்தார். வீரணன் ஓடினால் தூசிதான் தெரியும். அணி ஜெயித்தது. மறுபடியும் ஜெயித்தது. கடைசியில், நம்புவீர்களோ மாட்டீர்களோ, இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது!

"இறுதி ஆட்டம் நம்ம குளத்துலதான் நடக்கணும்!" என்று செங்கோடன் மற்ற அணிகளோடு மல்லுக்கட்டி அதையும் சாதித்தார். பிறகு ரசிகர்களைப் பார்த்து, "நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? கோப்பை, இல்லேன்னா ஏரி!" என்றார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது. சில்வண்டுகள் அடங்கிப்போயின. மரங்கொத்திகள் நனைந்த மரத்தைத் தட்டிப் பார்த்துச் சலித்து, தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. "போனா போகட்டும். நாம இருக்கோம்!" என்றான் தவசி. தவளைகள் குளத்துப் பக்கமும் அணில்கள் மரத்துப் பக்கமுமாகப் பழையபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

எதிரே வந்தது குன்றுமேட்டுக் குரங்குகளின் அணி. அவர்களுடைய கோலில் போய் நின்றது யார்?

அஞ்சலை!

"அடப்பாவிகளா! அஞ்சலையா!" தவசி ஒரு நொடி திகைத்தான். அடுத்த நொடி தொடையைத் தட்டிச் சிரித்தான். "கோப்பை நமக்குத்தான்! ஆறு கோல் அஞ்சலை! ஆறு கோல் அஞ்சலை!"

ஆட்டம் தொடங்கியது. வீரணன் பந்தைக் குளத்துப் பக்கமாக ஓட்டிவந்தான். "விடாதே! விடாதே!" என்று தவளைகள் அலறின. உதைத்தான். அஞ்சலை குளத்துப் பக்கம் பாய்ந்து பிடித்தாள்!

அடுத்து மரத்துப் பக்கம். அணில்கள் கீச்கீச்சென்று காதைக் கிழித்தன. உதைத்தான். அஞ்சலை மரத்துப் பக்கம் பாய்ந்து பிடித்தாள்!

நடுவே வந்தான். இரண்டு கூட்டமும் கத்தின. அவள் நின்ற இடத்திலேயே நின்று நெஞ்சில் வாங்கினாள்!

"இது என்ன மாயம்? இவளுக்கு வயசு குறைஞ்சு போச்சா?" தவசி தலையில் கைவைத்துக்கொண்டான். பாதி ஆட்டம் முடிந்தது. முக்கால் ஆட்டமும் முடிந்தது. அப்போதும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

இந்தச் சமயத்தில் தவளைகளுக்குள் சண்டை வந்துவிட்டது. வீரணனுக்குத் துணையாக முயலை இறக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. நரியை இறக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. ஆட்டத்தைப் பார்க்காமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். தவசி மட்டும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை போட்டுக் களைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அவனும் கத்தவில்லை.

வீரணன் குளத்துப் பக்கமிருந்து பந்தைத் தட்டினான். வேகமே இல்லாத பந்து. தத்தித் தத்தி உருண்டு அஞ்சலையின் சிறகோரமாகவே போனது. அவள் அசையவில்லை! வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் திடுக்கிட்டாள்.

தவசி துள்ளி எழுந்தான்.

"அய்யய்யோ! அவளுக்குப் பந்தே தெரியலை!"

பகலில் ஆந்தைக்கு ஏது கண்! காட்டில் பிறந்த எந்தக் குஞ்சுக்கும் தெரிந்த விஷயம். இத்தனை வருஷம் கோலில் ஓர் ஆந்தையை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருவருக்குமே அது தோன்றவில்லையே! அப்படியானால் அவள் எதை வைத்துப் பந்தைப் பிடித்தாள்? போன வருஷமெல்லாம் எதை வைத்துப் பிடித்தாள்? இதோ, இப்போதுகூட...

"நம்ம குரலை வச்சு!" தவசி அலறினான். "பந்து எங்க வருதுன்னு நாமதான் அவளுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கோம்! வாயை மூடுங்க எல்லாரும்! பவளம், உன் ஆளுங்களையும் மூடச் சொல்லு!"

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு முகமும் வெளுத்தது. சடையன் தன் வாலையே கடித்துக்கொண்டான். நாணற்குளத்து மைதானம் அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக அமைதியானது. இலை விழுந்தால் கேட்கும்!

ஆட்டம் முடியும் நேரம். வீரணனுக்குப் பந்து கிடைத்தது. நம் ஆட்கள் அத்தனை பேரும், ஆமைகள்கூட, முன்னால் வந்துவிட்டார்கள். வீரணன் குளத்துப் பக்கமாக ஓடிவந்தான். ஒரு குரங்கைத் தாண்டினான். இன்னொரு குரங்கைத் தாண்டினான். எதிரே அஞ்சலை மட்டும்தான். அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காதைத் தீட்டினாள். எந்தப் பக்கமும் சத்தமில்லை.

தவசி முன்னங்கால் இரண்டையும் வாய்க்குள் திணித்துக்கொண்டான். கோப்பை! நம்ம குளத்துக்குக் கோப்பை! அணி போகாது! தொண்டை உப்பியது. கண் பிதுங்கியது. வீரணன் காலை ஓங்கினான். ஐயோ, எப்படியப்பா சும்மா இருப்பது!

"அடிடா வீரணா, அடீ!"

கத்தியது தவசியேதான்!

அஞ்சலையின் தலை சட்டென்று குளத்துப் பக்கம் திரும்பியது. பாய்ந்தாள். பிடித்தாள். பிடித்த பந்தை அப்படியே தூர வீசினாள். குரங்குகள் அதை எடுத்துக்கொண்டு பறந்தன. தடுக்க ஒருவரும் இல்லை. கரடி குனிந்து பார்ப்பதற்குள் பந்து அதன் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போய்விட்டது. ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள். அவன் தட்டுத் தடுமாறி அஞ்சலையிடம் போனான்.

"அஞ்சலை... உனக்குப் பகல்ல கண்ணே..."

"தெரியாது தவசி. உங்க குரல்தான் எனக்குக் கண்ணு. எந்தப் பக்கம் யார் கத்துறாங்கன்னு எனக்கு மனப்பாடம். அதனாலதான் குன்றுமேட்டுக்காரங்ககிட்ட, ஆட்டம் நாணற்குளத்துல நடந்தா மட்டும் என்னை நிறுத்துங்க, வேற எங்கயும் வேணாம்னு சொன்னேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!" தவசி அழுதேவிட்டான்.

"சொன்னேனே," என்றாள் அஞ்சலை. "நீதான் சிரிச்சே."

மறுநாள் செங்கோடன் கோல் கம்பங்களைக் கோரைப்பல்லால் பெயர்த்து எடுத்துக்கொண்டு பெரிய ஏரிக்கு நடையைக் கட்டினார். கரடியும் வீரணனும் ஆமைகளும் பின்னால் போனார்கள். குளத்துப் பக்கம் தவளைகளும் மரத்துப் பக்கம் அணில்களும் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்துவதற்கு எந்தப் பக்கமும் பந்து இல்லை.

எந்தப் பலத்தால் நிற்கிறோம் என்று அறியாமல் பெரிய பலத்தைத் தேடி ஓடுகிறவர்கள், தங்களிடம் இருந்த பலத்தையும் எதிரியின் கையில் கொடுத்துவிடுவார்கள்.