செத்தவர் பேச்சை எடுக்காத கூட்டம்

மனிதன் ஏர் பிடிக்கப் பழகாத காலம் அது. காட்டில் கிடைத்ததைத் தின்று ஒரு கூட்டம் மலைச்சரிவில் வாழ்ந்தது. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஒருவர் செத்தால் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. செத்த இடத்தைச் சொல்லக் கூடாது. எப்படிச் செத்தார் என்று வாயே திறக்கக் கூடாது. பேசினால் சாவு அதே குடிசைக்குத் திரும்பி வருமாம்!

மழை பொய்த்தால் ஓடைப் பள்ளத்தில் ஒருவகைக் கருங்கிழங்கு மட்டும் கொஞ்சம் கிடைக்கும். மூப்பர் கடம்பன் தான் பட்டினி கிடந்து, அதைத் தன் கையாலேயே சுட்டு, வீட்டுக்கு ஒரு பிள்ளையாகப் பார்த்துக் கொடுப்பார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை.

முதல் பஞ்சம் வந்தது. சேந்தி என்பவளின் மூத்த மகன் கிழங்கைத் தின்றான். மறுநாள் நுரை தள்ளிச் செத்தான். சேந்தி பேசவில்லை. இரண்டாம் பஞ்சம் வந்தது. இளையவன் தின்றான், அவனும் நுரை தள்ளிச் செத்தான். அப்போதும் பேசவில்லை. மூன்றாம் பஞ்சம் வந்தது. மிஞ்சியிருந்தவள் மகள் மயிலி ஒருத்திதான். மூப்பர் அவள் கையில் கிழங்கை வைத்தார்.

சேந்தி பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள்.

"மூப்பரே, என் மாறன் இதைத் தின்னுதான் செத்தான். என் கீரனும் இதைத் தின்னுதான் செத்தான்."

"ஐயோ, பேரைச் சொல்லிட்டாளே!" என்று கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது.

"அடிப் பாவி, வாயை மூடு!" என்றார் கடம்பன்.

"மூட மாட்டேன். உங்க வீடுகள்ல யாரும் இப்படிச் சாகலையா? சொல்லுங்க."

ஒருத்தி மெல்ல, "என் தங்கச்சியும் நுரை தள்ளித்தான் போனா" என்றாள். "என் பிள்ளையும்" என்றான் ஒருவன். "எனக்கு ரெண்டு பேரு" என்றான் இன்னொருவன். தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்! என்ன கொடுமை இது!

ஓடைக்கரைக் குடிசைக்காரி திருதிருவென விழித்தாள். "நாங்களும்தானே தின்னோம்? எங்க வீட்டுல யாரும் சாகலையே."

"நீ எப்படிச் சமைச்ச?" என்று கேட்டாள் சேந்தி. அந்த மலையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"சுட்டது எங்களுக்குக் கசக்கும். பச்சையா வாங்கிட்டுப் போய், மூணு நாள் ஓடைத் தண்ணியில ஊறப்போட்டுத்தான் அவிப்போம்."

ஒருத்தியின் நினைவை இன்னொருத்தியின் நினைவோடு சேர்த்துப் பார்த்த பிறகே அவர்களுக்கு உண்மை விளங்கியது. கிழங்கில்தான் நஞ்சு, ஓடை அதைக் கரைத்துவிடுகிறது. மயிலி மூன்று நாள் பசியோடு காத்திருந்து, ஊறிய கிழங்கைத் தின்றாள். பிழைத்தாள்.

அதைக் கண்டு எல்லோரும் மகிழ, கடம்பன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தன் இரண்டு கைகளையும் வெறித்துப் பார்த்தார்.

"மாறனுக்கு நான்தான் குடுத்தேன். கீரனுக்கும் நான்தான். என் பேத்திக்கும்..."

அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ ஆண்டுகள் சொல்லாமல் விட்ட பெயர், நினைவுக்கு வரவே இல்லை.

நினைவைப் பேசிச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கே அறிவு வளரும்; மறக்கச் சொல்லும் ஊர் தன் பிள்ளைகளைத் தானே கொல்லும்.