பண்டிதசபை ஒப்புக்கொண்ட பானகம்

கருங்காவூர்ச் சீமையை இரணசிங்க பூபதி ஆண்டபோது நடந்த கூத்து இது. ராஜா நல்லவர்தான். ஆனால் ஜனங்களுக்கென்று எழுதும் எந்த ஏட்டையும் பண்டிதசபை பார்த்து ஒப்புக்கொள்ளாமல் ஊருக்குள் விடமாட்டார். அவர் அப்பா காலத்து வழக்கம்.

அந்தக் கோடையில் ஏரி வற்றிச் சேறானது. அதைக் குடித்தவர்கள் வாந்திபேதியில் விழுந்தார்கள். அரசவை விகடகவி ஆளுடையானின் தங்கை மகள் அப்போதுதான் பிழைத்து எழுந்திருந்தாள். அவன் தமுக்கடித்துச் சொல்ல நாலே வரி எழுதினான். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆறவிட்டுக் குடியுங்கள். பேதி கண்டால் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுங்கள். கொடுத்துக்கொண்டே இருங்கள்.

சபைத் தலைவர் மகாவித்வான் சிவஞானக்கொழுந்து ஏட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது, அடுப்படியில் பேசுகிற மாதிரி இருக்கிறது?"

"அடுப்படிக்குத்தான் ஐயா சொல்கிறோம்."

"இருந்தாலும் சபைக்கு வருகிறதே. மேற்கோள் எங்கே? வெந்நீரின் இலக்கணம் எங்கே? நான் எழுதிய உரையைக்கூட நீ தொடவில்லையே."

அவர் எழுதிய உரை யானைத் தந்தத்தைப் பற்றியது. அதற்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்தச் சபையில் ஆளில்லை. அடுத்த பண்டிதர் நீளம் போதாது என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நீளம் அதிகம் என்றார். ஆளுடையான் திருத்தித் திருத்திக் கொண்டுபோனான். ஏடு திரும்பித் திரும்பி வந்தது. இதற்குள் ஏரிக்கரைத் தெருவிலிருந்து இரண்டு பாடை போய்விட்டது.

ராஜாவிடம் ஓடினான்.

"சபை ஒப்புக்கொள்ளட்டும். அன்றைக்கே தமுக்கடிக்கிறேன்" என்றார் ராஜா.

"ஆகட்டும் மன்னா. ஏட்டை ஒப்புக்கொண்ட சபைக்குப் பானகம் கொடுக்கிற வழக்கம் உண்டே, அதை இந்தத் தடவை நான் கவனித்துக்கொள்கிறேன்."

ராஜாவும் வந்து உட்கார்ந்திருந்த சபைக்கு மறுபடி வந்தபோது அவன் கையில் தலையணைத் தடிமனில் சுவடி இருந்தது. ஒரு மூச்சில் ஒரு வரி முடியாது. நடுநடுவே வித்வானின் தந்த உரை வேறு. வாசிக்க வாசிக்கப் பண்டிதர்கள் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் துணிவில்லை.

"இதல்லவா ஏடு. ஒரு எழுத்துக்கூடத் திருத்த வேண்டாம்" என்றார் தலைவர். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பானகம் வந்தது. நல்ல வெயில். ஆளுக்கு இரண்டு செம்பு இறக்கினார்கள். ராஜாவும் கை நீட்டினார்.

"உங்களுக்கு இளநீர் வைத்திருக்கிறேன் மன்னா" என்று ஆளுடையான் செம்பை நகர்த்திவிட்டான்.

பண்டிதர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திப் புகழ்ந்து முடிக்கப் பொழுது சாய்ந்தது. அப்போது ஆளுடையான் எழுந்தான்.

"சுவடியின் கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஐயா வாயால் பொருள் கேட்க ஆசை."

வித்வான் செருமிக்கொண்டு பதம் பிரித்தார். "இற்றைநாள் என்றால் இன்று. சபைநடுக் குடம் என்றால் இதோ, இந்தக் குடம். அதிலுள்ள இனிய நீர், அதாவது பானகம். அதில் நிலாவரை..."

நிறுத்தினார். செம்பைப் பார்த்தார்.

"மேலே சொல்லுங்கள்" என்றார் ராஜா.

"நிலாவரை மிகுதியாகக் கலந்திருப்பதால், அதை அருந்தினவர் பொழுது சாய்ந்ததும்..."

அதற்குமேல் உரை சொல்ல அவருக்கு நேரமில்லை. சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். பின்னாலேயே சபையும் ஓடியது.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏனடா, பேதி மருந்து கலந்ததை முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னேனே மன்னா. சபை முழுக்கக் கேட்டு, ஒரு எழுத்துக்கூடத் திருத்த வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுத்தானே குடித்தது. ஏரிக்கரையில் செத்தவர்களுக்கு அந்தப் பாக்கியமும் கிடைக்கவில்லை."

ராஜாவின் சிரிப்பு நின்றது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பழைய நாலு வரியை உடனே தமுக்கடிக்கச் சொன்னார்.

தமுக்கு முதலில் பண்டிதர் தெருவுக்குத்தான் போனது. வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்து உப்புப் போட்டார்கள். ஒருவரும் மேற்கோள் கேட்கவில்லை.