பொங்கலுக்குப் போன கருப்பட்டி

டாக்டர் அறையிலிருந்து அழைப்பு வந்தால் நோயாளி வெளியே உட்கார்ந்திருப்பார், வீட்டு ஆம்பிளை எழுந்து உள்ளே போவார். இது நம் பக்கத்து வழக்கம். நோய் ஒருவருக்கு, சேதி இன்னொருவருக்கு. இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் விழுந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு அவிழ்த்துப் பாருங்கள்.

கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டும் குருசாமியும் ஓர் ஆடி மாதம் அப்படித்தான் எழுந்து போனான். அவன் மனைவி சொர்ணலதா தீப்பெட்டி ஆலையில் வேலை செய்தவள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. உதிரப்போக்கு நிற்காமல் போகவே ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "புற்றுதான். கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் நிற்கும்" என்றார். சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யலாமே என்று கேட்கக் குருசாமிக்கு விவரம் போதாது. யாரும் கேட்காமலே அதைச் செய்திருக்க வேண்டிய டாக்டரும் செய்யவில்லை.

"என்ன சொன்னாக?" என்றாள் வெளியே காத்திருந்தவள்.

"கட்டியாம். எடுத்துட்டா சரியாயிருமாம்."

கையெழுத்தும் அவனே போட்டான். அவள் கண் விழித்த பிறகு, "கட்டி வெடிக்கப் போயிருச்சாம். கர்ப்பப்பையோட எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த டாக்டர் இல்லேன்னா நீ இல்ல லதா" என்றான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அழுது முடித்து, "உசுராவது மிஞ்சுச்சே" என்றாள்.

எடுத்த கர்ப்பப்பை ஆய்வுக்குப் போய் முடிவு வந்தது. அப்போதும் டாக்டர் குருசாமியைத்தான் கூப்பிட்டார். "நல்ல சேதிப்பா. புற்று இல்லை" என்று சிரித்தார். குருசாமியும் சிரித்தான். படி இறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. இல்லாத புற்றுக்கா எடுத்தார்கள்?

வீட்டுக்குப் போய் அவன் வாயைத் திறக்கவில்லை. உயிருக்காகப் போனது என்ற ஒரே ஆறுதலையும் பிடுங்க வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் பாசமும் இருந்தது, கோழைத்தனமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது.

தைப்பொங்கல் வந்தது. சொர்ணலதா ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியும் ஒரு கட்டுப் பனங்கிழங்கும் வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போய்க் காலில் விழுந்தாள். "நீங்க குடுத்த உசுரு சாமி" என்றாள். டாக்டர், "நல்லா இரும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். குருசாமி பக்கத்தில் நின்றான். அடுத்த பொங்கலுக்கும் இதே கருப்பட்டி, இதே காலில் விழுதல், இதே வாழ்த்து.

மூன்றாம் பொங்கலன்று மருத்துவமனை வாசலில் அவன் தூக்கி வந்த கொட்டானுக்காக அவள் கை நீட்டினாள். அவன் கை விடவில்லை.

"வேண்டாம் லதா. உனக்குப் புத்துன்னு சொல்லித்தான் எடுத்தாக. புத்தே இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் அங்கிருந்தே பஸ் ஏறித் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்ற வக்கீலைப் பார்த்தாள். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரின் உரிமத்தைப் பற்றி விசாரிப்பார்கள், போலீசுக்குப் போனால் கவனக்குறைவு மிக மோசமானது என்று வேறு டாக்டர்கள் சொல்லியாக வேண்டும், இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி என்று விளக்கினார் ஜெசிந்தா. "ஆனா தப்பு நடந்தது தெரிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள வரணும்மா. உங்க வீட்டுக்காரருக்கு எப்பவோ தெரியுமே. அதைத்தான் அவங்க பிடிச்சுக்குவாங்க."

குருசாமியின் அண்ணன் அவனைத் தனியாகக் கூப்பிட்டான். "அன்னைக்கே பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டேன்னு சொல்லிருடா. உன் மானமாவது தப்பும்." அப்படிச் சொன்னால் வழக்கு அதோடு செத்தது. உண்மையைச் சொன்னால் ஊரே காறித் துப்பும். சொர்ணலதாவைத் தேடிப் போய்க் கேட்டான். "உள்ளதச் சொல்லுங்க. அதுக்காக நான் திரும்பி வந்துருவேன்னு மட்டும் நெனைக்காதீக" என்றாள்.

நுகர்வோர் ஆணையத்தின் விசாரணை நாளில் டாக்டர் தெளிவாகவே பேசினார். "சொல்ல வேண்டியவரிடம் உடனே சொல்லிவிட்டேன். கணவருக்குத் தெரிந்தால் மனைவிக்குத் தெரிந்த மாதிரிதான். என்மேல் குறை இருந்தால் அந்த அம்மா வருடா வருடம் பொங்கலுக்குக் கருப்பட்டியோடு வந்து, நீங்கள் கொடுத்த உயிர் என்று காலில் விழுவாரா?"

குருசாமி எழுந்தான். "நான்தான்யா மறைச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டான். டாக்டரின் வக்கீல் கொஞ்சமும் அசரவில்லை. "மனைவி ஜெயிக்கப் புருஷன் இன்று சொல்லும் பொய் இது. இவர் வாயைத் தவிர வேறு சாட்சி உண்டா?" என்றார்.

கேட்டவர்களே, இனி உங்கள் பாடு. டாக்டர் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் சொர்ணலதாவுக்கு நியாயம் கேட்கவே வழியில்லை. மூன்றாம் பொங்கலிலிருந்து எண்ணினால் வழி இருக்கிறது. அதுவரை அவளுக்குத் தெரியாது என்பதற்குக் குருசாமியின் சொல் போதாது என்றால், அந்தச் சபையில் வேறு சாட்சி யார்?

விடை: டாக்டரேதான். இல்லாத நோய்க்குத் தன் கர்ப்பப்பை போயிற்று என்று தெரிந்த எந்தப் பெண் கருப்பட்டி சுமந்து வந்து அந்தக் காலிலேயே விழுவாள்? அவளுக்குத் தெரியாது என்பதைத் தன் பெருமைக்காக அவரே சொல்லிவிட்டார். "நீங்க குடுத்த உசுரு" என்று கேட்டபோதெல்லாம் அவளுக்கு உண்மை தெரியாது என்பது அவருக்கும் புரிந்திருக்கும், ஆனாலும் கொட்டானை வாங்கி வைத்துக்கொண்டார். ஆணையம் மூன்றாம் பொங்கலிலிருந்தே எண்ணியது, தீர்ப்பும் அவள் பக்கம் வந்தது. வெளியே வந்ததும் குருசாமி, "வீட்டுக்குப் போவமா லதா?" என்று கேட்டான். "ரெண்டு பொங்கலுக்கு நீங்களும் என் பக்கத்துலதான நின்னீக?" என்றாள். அவள் தன் ஊர் பஸ்ஸுக்கு நடந்தாள்.