கயிற்றுக்கு இந்தப் பக்கம்

“என்னிடம் இருந்ததையெல்லாம் மக்களுக்குக் கொடுத்துவிட்டேன், அம்மா. ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. ஏன்?”

வாசலில் நின்றபடியே கேட்டார் மருதவாணன். டெல்லியில் பாதி ஆயுளைக் கழித்த மத்திய அமைச்சர். நாட்டின் மிகப் பெரிய பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அன்று மாலை ஊரில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். அதற்கு முன் குன்றத்தம்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

அம்மா அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். குன்றின் மேல் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். யார் வந்தாலும் ‘நீ’ என்றுதான் பேசுவார்.

அங்கே ஒரே விதி. தனியாக வர வேண்டும். காலில் போட்டது, தோளில் போட்டது, தலையில் வைத்தது எல்லாம் வாசல் கல்லிலேயே இருக்க வேண்டும்.

காவலர்கள் கார்களோடு கிழக்கு அடிவாரத்தில் நின்றார்கள்.

மருதவாணன் செருப்பைக் கழற்றினார். கட்சிக் கரை போட்ட துண்டை மடித்து வைத்தார். கறுப்புக் கண்ணாடியையும் வைத்தார்.

அம்மா அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவுமா?”

“நீயா வளத்தது இல்லையே.”

அமைச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அந்தக் கறுகறுவென்ற முடியைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். வழுக்கையில் காற்று பட்டது. மனைவி போன பிறகு அந்தத் தலையை யாரும் பார்த்ததில்லை.

“இப்பச் சொல்லு. என்ன குடுத்தே?”

அவர் சொல்லிக்கொண்டே போனார். ரயில் பாதை. அணை. பொட்டல் காட்டில் ஒரு கல்லூரி. ஒரு சட்டத்துக்காகச் சிறையில் கிடந்த கதை. கடைசியில் லேசாகச் சிரித்தபடி, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததையும் சேர்த்துக்கொண்டார். எந்த ஊரில் வண்டி நின்றாலும் கைக்குழந்தையை நீட்டிவிடுவார்களாம். ஆண் என்றால் வெற்றிச்செல்வன். பெண் என்றால் வெற்றிச்செல்வி. இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் தன் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும் என்றார்.

“நீ யார்கிட்டயாவது ஏதாவது கேட்டிருக்கியா?”

“கேட்டிருக்கிறேனே. ஓட்டு.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து கீரைப் பாத்தியில் களை பிடுங்கத் தொடங்கினார். அவ்வளவுதான் பதில் என்பது போல.

அப்போதுதான் மேற்கே ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் ஏறி வந்தாள். சின்னப் பெண். மூச்சு இரைத்தது. நெஞ்சோடு சேர்த்து ஒரு குழந்தை. ஈரத்துணியில் சுற்றியிருந்தாள்.

வாசல் கல்லில் இருந்த துண்டையும் கண்ணாடியையும் பார்த்தாள். “மினிஸ்டரு...” என்று ஆரம்பித்தாள்.

மருதவாணனின் கைகள் அதற்குள் நீண்டுவிட்டன. குழந்தையை வாங்கினார். பாவாடை நுனி தெரிந்தது. காதருகே குனிந்து, “வெற்றிச்செல்வி” என்றார். நிமிர்ந்து வலப்பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார்.

அங்கே படம் எடுக்க யாரும் இல்லை.

“அதுக்குப் பேரு வச்சாச்சுங்கய்யா” என்றாள் அந்தப் பெண். “காச்சலுங்க. நேத்துலேர்ந்து பால் குடிக்கல. ரெண்டு தரம் இழுத்துருச்சு. ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு. கயிறு கட்டிட்டாங்க. விடமாட்டேங்கறாங்க.”

குழந்தையின் சூடு அப்போதுதான் அவர் கைக்கு எட்டியது.

“நீங்க எறங்கிப் போனாத்தான் கயித்தை எடுப்பாங்களாம். கொஞ்சம் போயிருங்கய்யா.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்பவளைப் போலச் சொன்னாள்.

சாலையை அடைக்கச் சொல்லி மருதவாணன் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. அடைக்க வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

கார் குன்றைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வர நேரமாகுமே என்றார் அம்மாவிடம்.

“உனக்குக் கால் இருக்குல்ல” என்றார் அம்மா, களையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குழந்தையைச் சுமந்து ஏறி வந்ததில் அந்தப் பெண்ணின் கைகள் ஓய்ந்திருந்தன. அதனால் குழந்தை அவரிடமே இருந்தது. வெறுங்காலோடு இறங்கினார். அவள் முன்னால் ஓடினாள். ஓடி, நின்று, திரும்பினாள்.

“மூச்சு இருக்காங்கய்யா?”

“இருக்கும்மா.”

மறுபடி ஓடினாள். மறுபடி நின்றாள்.

“இருக்காங்கய்யா?”

அவர் தன் கன்னத்தைக் குழந்தையின் மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“இருக்கு. நீ ஓடு.”

சாலை ஓரம் நெடுகக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம். காலையிலிருந்து நின்றவர்கள். அந்தப் பக்கம், வெறுமையான தார்ச்சாலையைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. கயிற்றைப் பிடித்தபடி ஒரு கான்ஸ்டபிள். அவர் தலைக்கு மேலே மருதவாணனின் பெரிய படம். கறுத்த முடி, கண்ணாடி, துண்டு.

“ஓரமா நில்லு பெருசு. மினிஸ்டரு இன்னும் எறங்கல.”

“நான்தான் மருதவாணன்.”

கான்ஸ்டபிள் அண்ணாந்து படத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அவரு மருதவாணன். நீ யாரு?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். காலையிலிருந்து மினிஸ்டருக்கு மச்சான், மாமன் என்று நாலு பேர் வந்தாகிவிட்டது, மினிஸ்டரே வந்தது இப்போதுதான் என்றார் கான்ஸ்டபிள். குழந்தையைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. தன் வீட்டிலும் இந்த வயதில் ஒன்று இருக்கிறது, ஆனால் விட்டால் வேலை போய்விடும் என்றார்.

“என்னால ஆகாது பெருசு. அவரு போயிரட்டும்.”

அவர் போவதற்காக மருதவாணன் நின்றார்.

ஒரு கணம் நிஜமாகவே நின்றார். எல்லோரையும் போல, வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு.

கையில் இருந்த உடம்பு விறைத்தது. குழந்தையின் கண் மேலே செருகியது. தாய் கத்தவில்லை. அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

மருதவாணன் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தார்.

லத்தி தோளில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. குழந்தையின் மேல் கவிழ்ந்தபடி ஓடினார். அவருக்குப் பின்னால் தாய் குனிந்தாள். பிறகு ஒரு கிழவர். பிறகு கூட்டமே குனிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். துணியை அவிழ்த்து உடம்பெல்லாம் ஈரத்தால் துடைத்தார்கள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விறைப்பு இளகியது. இன்னும் கொஞ்சம் நேரம் போனது.

குழந்தை அழுதது.

தாய் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் குழந்தையின் கையில் ஒட்ட ஒரு பிளாஸ்திரித் துண்டைக் கிழித்தாள். பேனாவைத் திறந்தாள்.

“பேர் சொல்லுங்க, தாத்தா.”

மருதவாணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

தாயின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தார். தோள் வலித்தது.

“பாப்பா பேரு என்னம்மா?”

அவள் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாக அலறின. மருதவாணன் வருகிறார், மருதவாணன் வருகிறார் என்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவர் இன்னும் கிட்டே நகர்ந்து, அவள் வாயருகே காதை வைத்தார்.

“கேக்கலம்மா. இன்னொரு தரம் சொல்லு.”