அண்டா ஜெயிக்கப் போன கார்

கோரைக்குளம் என்று ஒரு ஊர். அந்த ஊரில் வடம் இழுக்கும் போட்டிக்கு அணி ஒன்று உண்டு. எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு கிணற்று மோட்டாரைத் தனியாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிற ஆட்கள். பலத்தில் அவர்களை மிஞ்ச அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. ஆனாலும் மேலக்கரைக் கோயில் கொடைத் திருவிழாவில் நடக்கிற போட்டியில் அவர்கள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவைகூட அங்கே போய்ச் சேர்ந்ததில்லை.

போகிற வழியிலேயே, எட்டுப் பேரில் ஒருவனான பலவேசத்தின் கார் நின்றுவிடும். முப்பத்தைந்து வயதான கார் அது. பலவேசத்துக்கு அதன்மேல் உயிர். மழை வந்தால் காருக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைவான்.

அவன் பெண்டாட்டி ஆவுடைத்தங்கத்துக்கு உயிரெல்லாம் முதல் பரிசான பித்தளை அண்டாவின்மேல். நாற்பது பேருக்குச் சோறு பொங்கலாம் அதில்.

"மூணு வருஷமா அண்டா வாங்கியாரேன்னு போறீங்க, கையை வீசிட்டு வாறீங்க. இந்தத் தடவையும் அண்டா இல்லாம வந்தீங்க, மறுநாளே இந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன், பாத்துக்கோங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. அணித்தலைவன் கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு மெக்கானிக் தாசனிடம் ஓடினான். கொம்பையா யோசிக்கிறவன் என்று ஊரில் பேர் எடுத்தவன். யோசித்து ஏதாவது சொன்னானா என்று யாரும் கேட்டதில்லை.

தாசன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தம்பி, பழைய காரு நிக்கத்தான் செய்யும். நின்னா சமாளிக்கச் சாமான் வேணும். ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்பு. ஜாக்கி கையில இல்லாம சக்கரத்தைக் கழட்டாதே. ஃபேன் பெல்ட் ஒண்ணு எப்பவும் கூடவே இருக்கட்டும். கனமா ஒரு கல்லு வெச்சுக்கோ. வண்டி எந்தப் பக்கம் ஓடப் பாக்குதோ, அந்தப் பக்கம் சக்கரத்துக்கு முட்டுக் குடு. ஒண்ணுமே ஆகலைன்னா கயித்தைக் கட்டி இழுங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் கயித்தை அவுக்காதே."

கொம்பையா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். மடக்கின விரல்களை வீடு வருகிற வரைக்கும் நிமிர்த்தவே இல்லை.

கொடை நாள் காலையில் எல்லாரும் கூடினார்கள். பலவேசம் கொல்லையில் கிடந்த ஆவுடைத்தங்கத்தின் அம்மியைத் தூக்கி வந்தான். அதைவிடக் கனமான கல் அவன் வீட்டில் வேறில்லை. கொம்பையா ஃபேன் பெல்ட்டை வேட்டிக்கு மேல் இடுப்பில் மாட்டிக்கொண்டான். எப்பவும் கூடவே இருக்க அதுதான் தோதான இடம்.

அடுத்தது ஸ்டெப்னி. கொம்பையா குனிந்து, காற்றடிக்கிற வாயில் நகத்தை வைத்து அழுத்தினான். புஸ்ஸ்ஸ்.

"இருக்கு" என்றான்.

"நீ பாத்தா போதுமா? நாளைக்கு ஒண்ணுன்னா எங்களைத்தானல கேப்பாங்க" என்றான் சொரிமுத்து. எதையும் தானே பார்த்தால்தான் நம்புவான். அவனும் அழுத்தினான். புஸ்ஸ்ஸ். "ஆமா, இருக்கு."

ஒவ்வொருத்தனாக வந்து, நிதானமாக அழுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டு, திருப்தியோடு நகர்ந்தான். கடைசியாகப் பலவேசம் அழுத்தினான். ஒரு சத்தமும் இல்லை.

"ஏல, காத்து இல்லையேல!"

"இப்பத்தான எனக்கு இருந்துச்சு!"

"எனக்கும்தான் இருந்துச்சு. உன் நகம் சரியில்ல."

கொம்பையா கையை உயர்த்தினான். "சண்டை போடாதீங்கலே. எட்டுப் பேர்ல ஏழு பேருக்கு இருந்திருக்கு, ஒருத்தனுக்கு மட்டும்தான் இல்லை. ஏழு பெருசா, ஒண்ணு பெருசா?"

ஏழுதான் பெரிது என்று பலவேசமே ஒப்புக்கொண்டான். ஸ்டெப்னியில் காற்று இருப்பதாக முடிவு செய்து, எட்டுப் பேரும் ஒருத்தன் மடியில் ஒருத்தனாகக் காருக்குள் அடைந்தார்கள்.

போட்டி பதினொரு மணிக்கு. ஒன்பதரைக்கு, மேலக்கரைக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது, முன்சக்கரம் பஞ்சராகிவிட்டது.

பலவேசம் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். கண்ணை மூடினால் பழைய இரும்புக் கடைத் தராசுதான் தெரிந்தது.

"பயப்படாதல மாப்ள, எல்லாச் சாமானும் இருக்கு. ஜாக்கி எங்கே?" என்றான் கொம்பையா.

"என் கையில" என்றான் சொரிமுத்து.

"நல்லாப் பிடிச்சுக்கோ. கீழே வெச்சுராதே. ஜாக்கி கையில இல்லாம சக்கரத்தைக் கழட்டக் கூடாது."

சொரிமுத்து ஜாக்கியைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான். ஆறு பேர் காரைக் கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள். பலவேசம் சக்கரத்தைக் கழற்றினான். பாதியில் சொரிமுத்துவுக்கு மூக்கு அரித்தது. ஜாக்கியை விட்டுச் சொறிய முடியுமா? காரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கொம்பையாதான் சொறிந்துவிட்டான்.

இப்போது தரையில் இரண்டு சக்கரங்கள். இரண்டுமே சப்பையாகக் கிடந்தன.

"இதுலயும் காத்து இல்லை, அதுலயும் இல்லை. எதை மாட்ட?" என்றான் பலவேசம்.

கொம்பையா யோசித்தான். "கழட்டினதுல ஓட்டை இருக்கு. ஸ்டெப்னியில ஓட்டை இல்லை. அப்போ ஸ்டெப்னியை மாட்டு. காத்து வந்துச்சுன்னா வெளியே போகாதுல்ல."

"காத்து எங்கேருந்துல வரும்?"

"இவ்வளவு பெரிய ரோட்டுல காத்துக்கா பஞ்சம்?"

மாட்டினார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். நல்ல காற்று அடித்தது. எல்லாருடைய வேட்டியும் பறந்தது, சக்கரம் மட்டும் அப்படியே இருந்தது.

"சரி, கயித்தை எடுங்கலே" என்றான் கொம்பையா.

கயிறு என்றதும் எட்டுப் பேருக்கும் முகம் மலர்ந்தது. அது அவர்கள் தொழில் அல்லவா? காரின் முன் பம்பரில் நீளமாக ஒரு கயிற்றைக் கட்டினார்கள். உடனே சொரிமுத்து, "எதிர்ல ஆளு இல்லாம இழுக்கிறது என்னலே இழுப்பு?" என்று கேட்டான். நியாயம்தானே? இன்னொரு கயிற்றைப் பின்னால் கட்டினார்கள். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். ஏலேலோ ஐலசா என்று இழுத்தார்கள். கார் முனகியது, இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

மொபெட்டில் கீரைக்கட்டோடு போன ஒரு அம்மா வண்டியை நிறுத்தி, கால் மணி நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"ஏய்யா, என்ன பண்ணுதீங்க?"

"மேலக்கரைக்குப் போறோம்மா" என்றான் பலவேசம், மூச்சு வாங்க.

"அப்படியா? போற மாதிரித் தெரியலையே. எல்லாரும் முன்னால வந்து இழுங்களேன். ஒருத்தன் உள்ள உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடி."

இப்படியும் ஒரு வழி இருப்பது கொம்பையாவுக்கே தோன்றியதில்லை. பலவேசம் உள்ளே ஏறினான். ஏழு பேர் முன்கயிற்றைப் பிடித்து, வடம் இழுக்கிறவர்கள் வழக்கப்படி காரைப் பார்த்து நின்று, பின்பக்கமாகவே நடந்தார்கள். நாலு மைலும் அவர்கள் பார்த்தது பலவேசத்தின் முகம் ஒன்றைத்தான்.

மேலக்கரைத் திடலுக்குள் அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தபோது மணி பதினொன்று. கூட்டம் வாயைப் பிளந்தது. நடுவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டார்.

"வாங்கய்யா! கயித்தை அவுத்துட்டு வந்து நில்லுங்க."

"அவுக்க மாட்டோம் சார். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவுக்கக் கூடாது" என்றான் பலவேசம்.

"அப்போ இந்தக் கயித்துலயே இழுங்க. எங்களுக்குக் கயிறு மிச்சம்."

பலவேசம் காரைவிட்டு இறங்கினான். இத்தனை நேரமும் முன்பக்கம் ஓடின வண்டி. அதனால் முன்சக்கரத்துக்கு முன்னால் அம்மியை முட்டுக் கொடுத்தான். எட்டுப் பேரும் காரை ஒட்டிக் கயிற்றைப் பிடித்தார்கள். மறுமுனையை மேலக்கரை அணி பிடித்தது. அதன் தலைவன் இசக்கிராஜா கத்தினான்: "சார், அவங்க பக்கம் காரு கட்டியிருக்கு சார்!"

நடுவர் விதிமுறைத் தாளைப் புரட்டினார். "அணிக்கு எட்டு ஆள்னுதான் போட்டிருக்கு. காருக்குள்ள ஆள் இருக்கா?"

"யாரும் இல்லை சார்."

"அப்போ எட்டுதான்." விசில் அடித்தது.

மேலக்கரைக்காரர்கள் இழுத்தார்கள். குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து, குலசாமியைக் கூப்பிட்டு இழுத்தார்கள். அம்மி அசையவில்லை. இந்தப் பக்கம் பலவேசம் ஆட்களுக்கு அலுப்பு. நாலு மைல் இழுத்த களைப்பில் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்கள். சொரிமுத்து கொட்டாவி விட்டான். பத்து நிமிஷத்தில் கையெல்லாம் கொப்புளமாகி, இசக்கிராஜா கயிற்றை விட்டான். அவன் பின்னால் எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

அண்டா கோரைக்குளத்துக்கு!

பலவேசம் காரைக் கட்டிக்கொண்டு அழுதான். "பொழைச்சுட்டடா ராசா! இனி உன்னை எவனும் பழைய இரும்புக்குப் போட முடியாது!"

அண்டாவைக் காரில் ஏற்றப் பார்த்தார்கள். கதவுக்குள் நுழையவில்லை. டிக்கியிலும் நுழையவில்லை.

"காரை அண்டாவுக்குள்ள வெச்சா?" என்றான் சொரிமுத்து.

கொம்பையா முழம் போட்டு அளந்தான். "பம்பர் இடிக்கும்" என்றான் வருத்தத்தோடு.

அந்நேரம் பார்த்து, மூணு சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர் அந்தப் பக்கம் வந்தார். வண்டியைப் பார்த்ததும் பலவேசத்தின் முகம் பளிச்சென்று ஆனது. அவரிடம் போய்ப் பேசினான். அவர் "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பலவேசம் நெஞ்சில் கையை வைத்து "நெசமாத்தான்" என்றான்.

சாயங்காலம் கோரைக்குளத் தெருவுக்குள் மூணு சக்கர வண்டி வந்தது. அதன்மேல் அண்டா பளபளத்தது. எட்டுப் பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆவுடைத்தங்கம் ஓடி வந்து அண்டாவைத் தடவிப் பார்த்தாள். உள்ளே ஜாக்கியும் பஞ்சரான சக்கரமும் கிடந்தன. கயிறு இன்னும் அவிழ்க்காமல் பம்பரோடு சுருண்டிருந்தது. ஆமாம், பம்பர் மட்டும் தனியாக.

"ஏங்க, காரு எங்கே?"

"அதை ஏன் கேக்க தங்கம்! அண்டா காருக்குள்ள போகலை. இந்த வண்டி கிடைச்சாத்தான் அண்டா வீடு வரும்னு ஆயிருச்சு. வண்டிக்காரரு பழைய இரும்பு எடுக்கறவரு. காரைக் குடுத்துட்டு வண்டியை வாங்கிட்டு வந்துட்டேன்."

ஆவுடைத்தங்கம் அண்டாவைத் தடவின கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அண்டா இல்லாம வந்தாத்தான காரைப் பழைய இரும்புக்குப் போடுவேன்னு சொன்னே? நான் அண்டாவோடல்லா வந்திருக்கேன்" என்றான் பலவேசம். அவள் காதருகில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. காரை அந்த ஆளால ஒரு அடி நகட்ட முடியாது. முன்சக்கரத்துக்கு உன் அம்மியை வெச்சுட்டு வந்திருக்கேன்."