முகாம்1, முகாம்14

"டீச்சரம்மா, குடி முழுகிப் போச்சு!"

சுடலைமணி அண்ணாச்சி மூச்சிரைக்க வந்து நின்றார். கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கண் படங்களைச் சேமித்து வைப்பவர். தலை நரைத்த பிறகு பைத்தான் என்கிற கணினி மொழி படிக்க உட்கார்ந்தவர். சொல்லித் தரும் இசக்கியம்மாளோ அவர் மகளைவிடச் சின்னவள். அதனால் என்ன, டீச்சர் டீச்சர்தானே!

"என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"இணையத்துல படம் போட்டு வைக்கிற கிளவுடுல முகாம்1-ங்கிற பேருல சோதனைப் படம் கொஞ்சம் சும்மா கிடந்தது. அதை அழிக்கச் சொல்லி நாலு வரி பைத்தான் எழுதி ஓடவிட்டேன். முகாம்14-ம் சேர்ந்து போயிட்டு! செவ்வந்தின்னு ஒரு சின்னப் பிள்ளை, அவளோட கண்ணுப் படம் அதுலதான் இருக்கு. மத்தியானம் ஆபரேஷன். பழைய படத்தைப் பார்க்காம கத்தியைத் தொட மாட்டேன்னு டாக்டர் உட்கார்ந்திருக்காரு."

இசக்கியம்மாள் எழுந்து போய் வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"முத்து!"

எங்கள் பக்கத்தில் முத்து என்று கூப்பிட்டால் சும்மாவா? முத்துலட்சுமி நர்ஸ் எட்டிப் பார்த்தாள். முத்துக்குமார் எட்டிப் பார்த்தான். மருந்துக்கடை முத்துராஜும் வந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லை, போங்க."

அண்ணாச்சி விழித்தார்.

"முகாம்1-னு தொடங்குற எல்லாத்தையும் அழிக்கச் சொல்லியிருக்கீங்க. கிளவுடுல அறையும் இல்லை, அலமாரியும் இல்லை. நீளநீளமா பேருதான். முகாம்1-க்குப் பின்னாடி ஒரு சாய்கோடு போட்டிருந்தா அதோட நின்னிருக்கும்."

"ஒரு கோடா!" தலையில் அடித்துக்கொண்டார். பாவம், கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த மனுஷனுக்கு அழுகைக்கு நடுவிலும் ஒரு கேள்வி முளைக்கும்.

"அழிச்சது எங்கே போகும், டீச்சரம்மா?"

மேசையில் டீ இருந்தது. அவள் டவராவைக் கவிழ்த்து டம்ளரை மூடினாள்.

"டீ தெரியுதா?"

"தெரியலை."

"டீ இல்லையா?"

"அது எப்படி இல்லாமப் போகும்?"

"நம்ம ஆஸ்பத்திரிக்குக் கிளவுடுல நான் அமைச்ச கிடங்குல, அழின்னு சொன்னா படத்துக்கு மேல ஒரு அடையாளம் விழும். 'இது அழிஞ்சது'ன்னு. அவ்வளவுதான்."

அண்ணாச்சிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "அப்ப மீட்டெடுன்னு ஒரு கட்டளை இருக்கும். அதைச் சொல்லுங்க."

"அப்படி ஒண்ணு கிடையாது."

"பின்னே?"

"காலையில எழுதினீங்களே, அதே அழிங்கிற கட்டளைதான். எதை அழிக்கணும்ங்கிறதுதான் வேற."

"மறுபடியும் அழிக்கவா? பட்ட காலிலேயே படும்னு சொல்லுவாக. விளையாடுதியளா?"

அவள் டவராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், கையை நீட்டி டவராவை எடுத்தார். ஆவி பறந்தது.

"அட!"

ஓடிப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். முகாம்14 என்று அடித்தார். சாய்கோடு போட்டார். போட்டதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எதை அழிக்கப் போறீங்க, அண்ணாச்சி?"

"காலையில நான் அழிச்சப்ப விழுந்த அந்த அடையாளத்தை!"

பட்டனைத் தட்டினார்.

திரையில் செவ்வந்தியின் கண் அவரையே பார்த்தது.